பழைய சிவப்பு எம்எக்ஸ்-5: வண்ணமும் உட்புறமும் குறித்த நாட்குறிப்பு

2024 ஜனவரி 6

வேலை இன்று தொடங்குகிறது. கார் 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்ட, 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் உலகுக்குக் காட்டப்பட்ட, மடக்குக் கூரை கொண்ட முதல் தலைமுறை வண்டி இது. 1598 சிசி எஞ்சினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் இருப்பதால் அவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. வெளி வண்ணத்தையும் உட்புறத்தையும் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

வண்ணம் கிளாசிக் ரெட். பானெட்டும் டிக்கி மூடியும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறி, ஏறக்குறைய இளஞ்சிவப்பாகிவிட்டன. ஆனால் கதவைத் திறந்து உள்விளிம்பைப் பார்த்தால், வெயிலே படாத அந்த இடத்தில், தொழிற்சாலையிலிருந்து வந்த அதே அடர்ந்த சிவப்பு அப்படியே இருக்கிறது. முழுவதும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொழிற்சாலை வண்ணம் ஒரு காருக்கு ஒரே ஒருமுறைதான் கிடைக்கிறது. மேற்பரப்பு மட்டுமே கெட்டு, அடியில் இருப்பது நலமாக இருக்கும்போது அதை நீக்குவது இழப்பு. எவ்வளவு குறைவாக எடுத்தால் சிவப்பு திரும்பும் என்று கண்டறிந்து, அந்த அளவோடு நிறுத்துவதே இந்த வேலையின் நோக்கம்.

2024 ஜனவரி 13

பாலிஷ் இயந்திரத்தைத் தொடும் முன் இரண்டு சோதனைகள் செய்தேன்.

முதலாவது மிக எளியது. வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் வைத்து, மறைவான ஓரிடத்தில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். துணியில் காரின் நிறம் ஏறினால் மேலே கிளியர் கோட் என்னும் தனிக் காப்புப் பூச்சு இல்லை. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கின்றன. நிறம் ஏறாவிட்டால் நாம் தேய்ப்பது நிறமற்ற கிளியர் கோட்டை. பானெட்டிலும் டிக்கியிலும் பின்புற மட்கார்டுகளிலும் துணி உடனே சிவந்தது. ஒற்றைப் பூச்சு வண்ணத்தில் நிறமி நேரடியாக வெயிலுக்கு முகங்கொடுக்கிறது. புறஊதாக் கதிர் மேற்பரப்பில் உள்ள பிசினைச் சிதைக்கும்போது, பிடிமானம் இழந்த நிறமித் துகள்கள் மாவாக மேலே நிற்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் வெளிறல் பெரும்பாலும் அந்த மாவுதான். அதனால்தான் இவ்வகை வண்ணத்தை மீட்க முடிகிறது. கிளியர் கோட் உரிந்து செதிலாகிவிட்ட காரில் எந்தப் பாலிஷும் பயன் தராது. அங்கே மறுபூச்சுதான் வழி.

இடது கதவில் மட்டும் துணி வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவது சோதனை அதற்குக் காரணம் சொன்னது. பெயின்ட் தடிமன் அளவியில் மற்ற பகுதிகள் 90 முதல் 120 மைக்ரான் வரை காட்ட, இடது கதவு 230ஐத் தாண்டியது. எப்போதோ ஒருமுறை அந்தக் கதவுக்கு மட்டும் கிளியர் கோட்டுடன் மறுபூச்சு செய்திருக்கிறார்கள். இனி அந்தக் கதவைத் தனிப் பொருளாகவே நடத்த வேண்டும்.

அளவி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் காரின் பானெட் எடையைக் குறைப்பதற்காக அலுமினியத்தில் செய்யப்பட்டது. இரும்பை மட்டும் அறியும் காந்த வகை அளவி அதன்மேல் எதையும் காட்டாது. இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் வகை வேண்டும். பம்பர்கள் பிளாஸ்டிக் என்பதால் அவற்றை இரண்டு வகையாலும் அளக்க முடியாது. அங்கே கையின் நிதானத்தைத்தான் நம்ப வேண்டும்.

2024 ஜனவரி 14

கழுவுதலும் தூய்மையும். இரும்புத் துகள் நீக்கியைத் தெளித்ததும் பின்சக்கர வளைவுகளுக்கு மேலே ஊதா நிறக் கோடுகள் வழிந்தன. பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய நுண்ணிய இரும்பு கரைவதன் அடையாளம் அது. பிறகு, ஒட்டிய அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கிளே கட்டியை நிறைய வழுக்கு நீருடன் ஓட்டினேன். கட்டி சிவந்ததைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஒற்றைப் பூச்சில் அது இயல்பு. கட்டியை அடிக்கடி மடித்துப் புது முகத்தைப் பயன்படுத்தினால் போதும்.

பின்புறச் சக்கரத்துக்கு முன்னால், கதவடிப் பெட்டித் தகடு முடியும் இடத்தில், பெயின்ட்டில் ஒரு சிறு கொப்புளம் தெரிகிறது. இந்த மாடலை அறிந்தவர்கள் முதலில் பார்க்கும் இடம் அது.

2024 ஜனவரி 20

கொப்புளத்தைத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தேன். சுற்றிலும் கணீரென்று ஒலித்த தகடு அந்த இடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தது. துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது.

இதன் மூலத்தை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் காரணத்தை அகற்றாமல் மேலே பட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பவர்கள் அதிகம். மடக்குக் கூரையின் பின்புறம் விழும் மழைநீர் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, சீட்டுகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகுழாய்கள் வழியே இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் வெளியேற வேண்டும். இலைத்தூளும் மண்ணும் அந்தக் குழாய்களை அடைத்தால் நீர் தேங்கி, பெட்டித் தகட்டின் உள்ளேயோ தரைவிரிப்பின் அடியிலோ போய்ச் சேருகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். தகடு உள்ளே ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கும்.

வளையும் நைலான் கம்பியை மெல்லச் சுழற்றி இரு குழாய்களையும் திறந்தேன். கூர்மையான இரும்புக் கம்பியை உள்ளே குத்தக் கூடாது. குழாயோ அதன் இணைப்போ கழன்றுவிட்டால் நீர் நேரே பெட்டிக்குள் இறங்கும். ஊற்றிய நீர் தங்கு தடையின்றி அடியில் வழிவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்கு நகர்ந்தேன். மெலிந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைக்கும் வேலையை வெல்டிங் தெரிந்தவரிடம் ஒப்படைக்கப் போகிறேன்.

2024 பிப்ரவரி 3

புதுத் துண்டு வைத்தாகிவிட்டது. வெல்டிங் விளிம்புகள் தேய்க்கப்பட்டு, எப்பாக்ஸி பிரைமர் பூசப்பட்டிருக்கிறது. அதன்மேல் சிவப்பு அடிப்பதை வேண்டுமென்றே தள்ளிவைத்திருக்கிறேன். வெளிறிய உடலோடு இன்று நிறத்தைப் பொருத்தினால், உடல் தன் பழைய சிவப்பை அடைந்த பிறகு அந்தத் துண்டு தனித்துத் தெரியும். வண்ணக் குறியீட்டு எண்ணை மட்டும் நம்பிக் கலந்தாலும், முப்பது ஆண்டுக்கு மேல் வெயில் கண்ட உடலோடு அது அப்படியே ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. முதலில் மெருகு, பிறகு நிறப் பொருத்தம், அதன் பிறகே பூச்சு என்பதுதான் சரியான வரிசை.

மாலையில் பானெட் முழுவதும், உராய்பொருள் இல்லாத எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸைத் தாராளமாகத் தடவி இரவு முழுவதும் ஊறவிட்டேன். வறண்ட ஒற்றைப் பூச்சுக்கு ஏற்ற பழைய முறை இது. எண்ணெய் மேற்பரப்பின் நுண்துளைகளை நிரப்பி நிறத்தை ஆழப்படுத்துகிறது. மறுநாள் தேய்க்கும்போது வறட்டு உராய்வும் குறைகிறது.

2024 பிப்ரவரி 4

காலையில் கிளேஸைத் துடைத்தபோதே பானெட் இரண்டு படி கருஞ்சிவப்பாகியிருந்தது. இயந்திரத்தைத் தொடாமலே கிடைத்த மாற்றம் அது. அதைப் பார்த்ததும் பெரும் மகிழ்ச்சி.

பிறகு பானெட்டின் நடுவில் அரை மீட்டர் சதுரத்தை டேப்பால் எல்லையிட்டு, அங்கே மட்டும் சோதித்தேன். மிக மென்மையான ஃபோம் பேடும் மிக நுண்ணிய பாலிஷும்தான் முதலில். போதவில்லை என்றால் ஒரு படி மேலே போகலாம். கடுமையான காம்பவுண்டில் தொடங்கிவிட்டுப் பின்வாங்க முடியாது. இரட்டை இயக்கப் பாலிஷரை மெதுவான வேகத்தில், குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். நுண்ணிய பாலிஷ் மங்கலை நீக்கியது. ஆனால் கழுவும் துணிகள் காலங்காலமாகப் போட்ட சுழல் கீறல்கள் நின்றன. நடுத்தரப் பாலிஷ் அவற்றில் பெரும்பகுதியை எடுத்தது. மீதமிருந்த சில ஆழமான கீறல்களை அப்படியே விட்டுவிட்டேன். அவற்றின் அடிவரை போவதென்றால் சுற்றியுள்ள எல்லா வண்ணத்தையும் அந்த ஆழத்துக்குக் குறைக்க வேண்டும். முப்பது ஆண்டுக் காருக்கு அந்த விலை நியாயமில்லை.

ஒற்றைப் பூச்சில் பேட் மிக விரைவாக நிறமியால் அடைபடுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு பேடைத் தூரிகையால் சுத்தம் செய்தாக வேண்டும். அடைபட்ட பேட் வெட்டுவதை நிறுத்தி வண்ணத்தைச் சூடாக்கத் தொடங்கும்.

2024 பிப்ரவரி 11

பானெட், டிக்கி, வலது கதவு, மட்கார்டுகள் முடிந்தன. விளிம்புகளிலும் உடலின் மடிப்புக் கோடுகளிலும் வண்ணம் இயல்பாகவே மெலிந்திருப்பதால், அவற்றை டேப்பால் மூடிவிட்டுப் பிறகு கையால் மட்டும் தேய்த்தேன். பானெட்டின் முன்புறத்தில் மடங்கி மறையும் முகப்பு விளக்குகளை உயர்த்தி நிறுத்தினால்தான் அவற்றின் மூடி விளிம்புகளும் பானெட்டின் முன்முனையும் கைக்கு எட்டும். மின்சாரம் இல்லாதபோதும் எஞ்சின் அறையில் விளக்கு மோட்டாரின் மேலுள்ள திருகியைக் கையால் சுழற்றி அவற்றை உயர்த்தலாம்.

அதே புள்ளிகளில் மீண்டும் அளந்தபோது தடிமனில் ஏற்பட்ட வேறுபாடு அளவியின் பிழை எல்லைக்குள்ளேயே இருந்தது. இந்த வேலையில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த எண் அதுதான்.

இடது கதவின் கிளியர் கோட்டுக்கு நுண்ணிய பாலிஷ் ஒரு சுற்றே போதுமானதாக இருந்தது. அதன் சிவப்பு மற்றவற்றைவிடச் சற்று ஆரஞ்சுச் சாயல் கொண்டது. வெயிலில் தெரிகிறது, நிழலில் தெரியவில்லை. பம்பர்களும் தகட்டோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை. பிளாஸ்டிக்கின் மேல் வளையும் தன்மையுள்ள பூச்சு இருப்பதால் அது வேறு விதமாக முதுமையடைகிறது. அதை ஏற்றுக்கொண்டேன்.

2024 பிப்ரவரி 24

இப்போதுதான் புதுத் துண்டுக்கான நிறம், மெருகேற்றிய பின்புற மட்கார்டைப் பார்த்துக் கலக்கப்பட்டது. இரு கூறுப் பெயின்ட்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் துளிமம் நுரையீரலுக்குக் கடுமையான தீங்கு செய்து, ஆஸ்துமாவையும் உண்டாக்கக் கூடியது. வீட்டுக் கொட்டகையில் சாதாரண முகமூடியுடன் அதைத் தெளிக்க நான் ஒருபோதும் துணிய மாட்டேன். காற்றோட்ட அறையும் வெளிக்காற்று செலுத்தும் முகமூடியும் உள்ள பெயின்ட்டரிடம் கொடுத்தேன். பூச்சு கதவடிப் பகுதியோடு நின்றது. மேலே பழைய வண்ணத்தோடு கலக்கும் எல்லை நான்கு விரற்கடைகூட இல்லை. பெட்டித் தகட்டின் உள்ளே நீண்ட குழல் முனையால் துருத்தடுப்பு மெழுகு செலுத்தியாயிற்று.

2024 மார்ச் 9

உட்புறம். சீட்டுகளைக் கழற்றும் முன் பாட்டரி இணைப்பை எடுத்தேன். இந்தக் காரில் பாட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. அதன் வாயுவை வெளியேற்றும் சிறு குழாய்கள் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அமில ஆவி டிக்கித் தகட்டை அரிக்கும். இங்கே தகடு நலமாக இருக்கிறது.

தரைவிரிப்பைத் தூக்கியபோது ஓட்டுநர் பக்கத்து அடிமெத்தை ஈரமாக இருந்தது. மேலே தொட்டால் உலர்ந்தே தோன்றும். அடியில் உள்ள பஞ்சு மாதக்கணக்கில் நீரைப் பிடித்துவைக்கும். விரிப்பை வெளியே எடுத்துத் துவைத்து, அடிமெத்தையைப் புதிதாக வெட்டிவைத்தேன். தரைத்தகட்டில் மேலோட்டமான துரு மட்டுமே. கம்பித் தூரிகை, துரு மாற்றி, பிரைமர் என்ற வரிசையில் அது முடிந்தது.

சீட் துணி கறுப்பு. கிழிசல் இல்லை, உடலைப் பக்கவாட்டில் தாங்கும் வெளிப்பக்க ஓர மேட்டின் ஃபோம் மட்டும் ஏறி இறங்கும் உராய்வில் நொறுங்கியிருக்கிறது. உறையைப் பிடித்திருக்கும் இரும்பு வளையங்களை வெட்டி, உறையைக் கழற்றி, நொறுங்கிய பகுதியை அகற்றி, அதே அடர்த்தியுள்ள ஃபோமை ஒட்டி, பழைய வடிவத்துக்குச் செதுக்கினேன். உயரமானவர்கள் இந்தச் சீட்டின் ஃபோமை வெட்டித் தாழ்த்திக்கொள்வது உண்டு. எனக்குத் தேவையில்லை என்பதால் தொடவில்லை. துணியை நுரைத் தூய்மியாலும் உறிஞ்சும் இயந்திரத்தாலும் சுத்தம் செய்தபோது, வந்த நீர் தெளிவாகும்வரை நிறுத்தவில்லை.

2024 மார்ச் 16

ஸ்டீயரிங் சக்கரத்தில் காற்றுப்பை இருப்பதால் அதைக் கழற்றவில்லை. தோலின் பளபளப்பு மெருகு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கையெண்ணெயும் அழுக்கும். மென்மையான தோல் சுத்திகரிப்பானும் குதிரைமுடித் தூரிகையும் கொண்டு எடுத்ததும் தோல் மங்கலான கறுப்புக்குத் திரும்பியது. மேல்பகுதியில் நிறம் தேய்ந்திருந்த இடத்தில் நீர்சார்ந்த தோல் வண்ணத்தை ஸ்பாஞ்சால் மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, மங்கல் பூச்சால் மூடினேன்.

கதவு உள்மூடிகள் அட்டைப் பலகையில் வினைல் ஒட்டியவை. ஈரம்பட்டு உப்பிய கீழ்விளிம்பை உலர்த்தி, அழுத்திப் பிடித்து ஒட்டினேன். கதவுக்குள் இருக்கும் நீர்த்தடுப்புத் தாள் கிழிந்திருந்ததே காரணம், அதையும் மாற்றினேன். டேஷ்போர்டுக்கு நீரில் நனைத்த துணியும் மிதமான தூய்மியும் போதும். எண்ணெய்ப் பளபளப்பு தரும் திரவங்களை நான் சேர்ப்பதில்லை, அவை முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் கண்ணை உறுத்தும்.

2024 மார்ச் 30

எல்லாம் மீண்டும் பொருத்தப்பட்டது. பழைய வண்ணத்தின் மேல் மெழுகுக் காப்பு பூசினேன். ஒற்றைப் பூச்சைக் காக்க மேலே வேறெதுவும் இல்லாததால், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க எண்ணுகிறேன். புதுப் பூச்சுப் பகுதியை மட்டும் டேப்பிட்டு விட்டுவைத்திருக்கிறேன். உள்ளிருக்கும் கரைப்பான் முழுதும் வெளியேறும்வரை மெழுகு கூடாது என்று பெயின்ட்டர் சொல்லியிருக்கிறார்.

மீதமிருப்பது மடக்குக் கூரையின் பிளாஸ்டிக் பின்சாளரம். பாலிஷ் மங்கலைக் குறைத்தாலும் மடிப்பு விழுந்த இடத்தில் விரிசல் தொடங்கிவிட்டது. கூரையை மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து சாளரத்தைத் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும்; முன்பிருந்தவர்கள் அதைச் செய்யாமல் மடக்கியிருக்கிறார்கள். கூரைத் துணி நலமாக இருப்பதால் சாளரப் பகுதியை மட்டும் மாற்றுவதாக முடிவு செய்து, அளவுகளைக் குறித்துத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.