இன்றைக்குக் கடைக்குட்டியின் முறை

மூன்று குழந்தைகளும் குறைமாதத்தில் பிறந்து இன்றோடு 19 நாள். காலை 6 மணிக்குப் பம்பில் எடுத்த தாய்ப்பால் 45 மில்லி. மூன்று பேருக்கும் அதுதான். பெரியவனுக்கு 18, நடுவிலவளுக்கு 15, கடைக்குட்டிக்கு 12. வயிற்றுக்குப் போகும் குழாயில் பால் தானாக இறங்கும்வரை சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும், அழுத்தக் கூடாது. கை கழுவிக் கழுவித் தோல் உரிகிறது, அது கிடக்கட்டும்.

மதியம் கடைக்குட்டியை ஒயர்களோடு என் வெறும் மார்பில் படுக்க வைத்தார் நர்ஸ் அக்கா. 1 கிலோ 240 கிராம். கொஞ்ச நேரத்தில் மூச்சு விட மறந்துவிட்டாள். மானிட்டர் கத்தியது. அக்கா பதறாமல் பாதத்தை லேசாகத் தேய்த்தார், மூச்சு வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இது சகஜமாம். எனக்கு எப்படிச் சகஜமாகும்?

மற்ற இருவரையும் இன்று தூக்கவே இல்லை. நாளைக்குப் பெரியவன்.