சி ஃபார்ம் முடியும் மாதம்

மாவட்டத் தலைநகர் ஒன்றில், தியேட்டர் மேனேஜராக 14 வருடம் இருந்தேன். மேடையில் எந்த நடிகராவது அரசியல் பேசிவிட்டால் எங்கள் முதலாளி கேட்கும் முதல் கேள்வி: "நம்ம சி ஃபார்ம் எப்ப முடியுது?"

சி ஃபார்ம் என்பது படம் ஓட்டுவதற்கான உரிமம். தருபவர் கலெக்டர். புதுப்பிக்க வேண்டுமென்றால் தீயணைப்பு, மின்சாரம், சுகாதாரம், கட்டட உறுதி என்று ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். யாரும் வந்து மிரட்ட வேண்டியதே இல்லை. ஏதாவது ஒரு மேசையில் ஃபைல் தூங்கினால் போதும்.

2013-ல் 'விஸ்வரூபம்'. ஜனவரி 25 ரிலீஸ் என்று முன்பதிவெல்லாம் முடிந்திருந்தது. சென்சார் சான்றிதழ் வாங்கிய படம்தான். முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன, சட்டம் ஒழுங்கு கெடும் என்று சொல்லி மாவட்டம் மாவட்டமாக 144 போட்டு இரண்டு வாரம் நிறுத்திவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், டி.டி.எச்.சில் முதலில் போடக்கூடாது என்று அதே கமலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் போன்ற தியேட்டர்காரர்கள்தான். சண்டை மறந்து திடீரென்று ஒரே பக்கம் நின்றோம். நின்றோம் என்றால், வாயைத் திறக்காமல்.

29-ம் தேதி இரவு உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. நடுராத்திரியில் ஆள் பிடித்து போஸ்டர் ஒட்டினோம். மறுநாளே மேல்முறையீட்டில் தடை திரும்பி வந்தது. பசை காயாத போஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது டீக்கடை டிவியில் கமல் பேசிக்கொண்டிருந்தார்: நாட்டைவிட்டே போக வேண்டியிருக்கலாம் என்று. எங்கள் ஆபரேட்டர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அவருக்குப் போக இடம் இருக்கு சார்." கடைசியில் சில காட்சிகளில் கை வைக்க ஒப்புக்கொண்டு, பிப்ரவரி 7-ல்தான் படம் வந்தது.

எதிர்ப்பவர்கள் கலவரம் செய்வார்கள் என்பதற்காகப் படத்தை நிறுத்தக்கூடாது, பாதுகாப்பு கொடுப்பது அரசின் வேலை என்று 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலாளியிடம் சொன்னேன். "தீர்ப்பை வாசல்ல மாட்டி வைக்கலாமா?" என்றார்.

அப்புறம் 2018 தீபாவளிக்கு 'சர்கார்'. விலையில்லாப் பொருட்களை நெருப்பில் தூக்கிப்போடும் காட்சிக்கு முதல் நாள் காது கிழிய விசில். எங்கள் கேன்டீன் அக்கா ரோஸ்மில்க் அடிப்பது அப்படிக் கிடைத்த ஒரு மிக்சியில்தான், முன்பக்கம் அம்மா படத்தோடு. இடைவேளையில் வந்த ரசிகர்கள் அதைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். அக்காவுக்குக் கோபம். "நல்லா ஓடுற மிக்சிய எதுக்கு எரிக்கணும்? அந்தத் தம்பி வீட்ல ஒண்ணுக்கு நாலு இருக்கும்." எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கவில்லை. பிடிக்காத காட்சியை வெட்டச் சொல்லி கேட்டில் கூட்டம் நிற்பது அதைவிடப் பிடிக்கவில்லை. ரசிகர்கள் உடைத்துவிடப் போகிறார்கள் என்று முதலாளி மிக்சியை உள்ளே வைக்கச் சொன்னார்.

இரண்டு நாளில் ஊருக்கு ஊர் அப்போதைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வினர் தியேட்டர்களின் முன்னால் திரண்டார்கள், பேனர்கள் கிழிந்தன. இயக்குநர் முன்ஜாமீன் கேட்டு உயர் நீதிமன்றம் போனார். எங்கள் வாசல் பேனரை நாங்களே இறக்கிச் சுருட்டி ஸ்கிரீனுக்குப் பின்னால் போட்டோம். மறுநாள் திருத்திய காப்பி வந்தது. கேபினிலிருந்து பார்த்தேன்: மிக்சி நெருப்புக்குள் போகவில்லை, அம்மாவின் இயற்பெயர் என்று அவர்கள் கோபப்பட்ட 'கோமளவல்லி' என்ற வில்லியின் பெயர் வருகிற இடத்தில் சத்தம் விழுங்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே பார்த்தவர்கள் அந்த இடத்தில் பெயரைத் தாங்களே கத்தி நிரப்பினார்கள். அரங்கில் எழுந்த சத்தத்துக்கு எந்த அலுவலகத்திலும் சான்று வாங்க வேண்டியதில்லை.

கீழே வந்தால் கேன்டீன் கவுண்டரில் மறுபடியும் மிக்சி. முதலாளிதான் எடுத்து வைத்திருந்தார். வருகிறவர்கள் கண்ணில் படும்படி, படம் வாசலைப் பார்க்கத் திருப்பி.