யுவால்டி: 77 நிமிடங்களுக்குக் கணக்குக் கேட்பது

2022இல் துப்பாக்கிச் சூடு நடந்த, அமெரிக்காவின் யுவால்டி ஊர் ராப் தொடக்கப் பள்ளியின் 111ஆம் வகுப்பறைக் கதவிலிருந்து தொடங்குகிறேன். இரும்பு நிலையில் பொருத்திய கதவு அது. வராந்தாப் பக்கமாகத் திறக்கும். அதனால் வெளியில் நின்று எட்டி உதைத்தால் நிலையோடு இறுகுமே தவிர, திறக்காது. உள்ளே இருந்தபடி பூட்ட வழியில்லை. ஆசிரியர் வராந்தாவுக்கு வந்து வெளிப்பக்கம் சாவி போட்டுப் பூட்ட வேண்டும். அந்தப் பூட்டு ஒழுங்காக விழாது என்பது பள்ளியில் பலருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் கல்வியாண்டின் பராமரிப்புப் பதிவேட்டில் 111ஆம் அறைக்கென்று ஒரு பழுது விண்ணப்பம்கூட இல்லை.

2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டி ஊரில் 18 வயது இளைஞன் ஒருவன் ஏ.ஆர்.15 வகைத் துப்பாக்கியோடு அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தது காலை 11:33க்கு. அவனைச் சுட்டு வீழ்த்தியது மதியம் 12:50க்கு. 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். முதல் காவலர்கள் 11:36க்கெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் பெரும்பகுதி அந்தக் கதவுக்குச் சாவி தேடுவதில் போனது. கொண்டுவந்த சாவிக்கொத்தை வேறு அறைக் கதவில் போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். 111இன் கைப்பிடியைத் திருகிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கதவு பெரும்பாலும் பூட்டப்படாமலேதான் இருந்திருக்கும் என்பது பின்னால் வந்த சட்டமன்றக் குழு அறிக்கையின் முடிவு.

இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் வருவது ஆத்திரம். அது நியாயம்தான். ஆனால் ஆத்திரத்தை வைத்துக்கொண்டு யாரையும் பதில் சொல்ல வைக்க முடியாது. எந்த நிமிடத்தில், யாருக்கு, என்ன தெரிந்திருந்தது, தெரிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்று ஒவ்வொரு வரியாக எழுதி நிறுத்த வேண்டும். அந்த வேலை யுவால்டியில் எப்படி நடந்தது, எங்கே சிக்கியது என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் சிக்கல் கடிகாரம். 911 அழைப்பு மையத்தின் பதிவு, வயர்லெஸ் உரையாடல், ஒவ்வொரு காவலரின் சட்டையிலும் இருக்கும் கேமரா, வராந்தா சிசிடிவி, சொந்த செல்போன் அழைப்புகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி நேரம் காட்டும். எல்லாவற்றிலும் கேட்கும் ஒரே ஓசையை, பெரும்பாலும் ஒரு துப்பாக்கி வெடிச் சத்தத்தை, அடையாளமாக வைத்து ஒன்றோடொன்று பொருத்தினால்தான் ஒரே காலவரிசை கிடைக்கும். அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, அமைச்சகம்) 2024 ஜனவரி 18 அன்று வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட 600 பக்கம் வந்ததற்கும், 260க்கு மேற்பட்டவர்களைப் பேட்டி காண வேண்டியிருந்ததற்கும் இதுவும் ஒரு காரணம். காலவரிசை இறுகாதவரை, "எனக்கு அப்போது தெரியாது" என்கிற பதிலை யாராலும் உடைக்க முடியாது.

இறுகிய பிறகு கிடைத்த சித்திரம் இதுதான். 11:37க்குக் காவலர்கள் கதவை நெருங்கினார்கள். உள்ளிருந்து துப்பாக்கிச் சூடு, இரண்டு பேருக்குச் சிராய்ப்புக் காயம், எல்லோரும் பின்வாங்கினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சம்பவத்தின் பெயரே மாறியது. 'சுட்டுக்கொண்டிருப்பவன்' என்பது 'உள்ளே பதுங்கிக்கொண்டவன்' ஆனது.

வெளியாளுக்கு இது சொல் வித்தியாசம். காவல் பயிற்சியில் இவை இரண்டும் இரண்டு தனிப் பாடங்கள். பதுங்கியவன் என்றால் நேரம் போலீஸ் பக்கம் இருக்கிறது: சுற்றி வளை, பேச்சு கொடு, சிறப்புப் படைக்குக் காத்திரு. சுட்டுக்கொண்டிருப்பவன் என்றால் நேரம் உள்ளே இருப்பவர்களின் ரத்தத்தில் ஓடுகிறது: கையில் இருக்கும் ஆயுதத்தோடு, இருக்கிற ஆட்களோடு உடனே போ. 1999இல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் சிறப்புப் படைக்காகக் காத்திருந்து பட்ட பாட்டுக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பயிற்சி இந்த இரண்டாவது பாடத்துக்கு மாறியது. யுவால்டி பள்ளி மாவட்டத்தின் (ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பின்) சொந்தப் போலீசுக்கு அந்தப் பயிற்சி சம்பவத்துக்கு இரண்டே மாதம் முன்னால் நடந்திருந்தது. ஆக, பயிற்சி இல்லை என்கிற சாக்கு இங்கே எடுபடாது.

பெயர் மாறினால்கூடப் பரவாயில்லை, புதுத் தகவல் வந்ததும் திரும்ப மாற்றியிருக்கலாம். 12:10க்கு 112ஆம் அறையிலிருந்து ஒரு சிறுமி 911க்கு அழைத்துப் பேசினாள். 111க்கும் 112க்கும் இடையில் கதவு உண்டு. கிட்டத்தட்ட ஒரே அறை மாதிரி. அறை முழுக்க அடிபட்டவர்கள் என்கிற தகவல் வயர்லெஸ்ஸில் போனது. எட்டு, ஒன்பது பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அன்றைக்கு நகரக் காவல்துறையின் பொறுப்புத் தலைவராக இருந்த மரியானோ பர்காஸுக்குத் தொலைபேசியிலேயே சொல்லப்பட்டது. அந்த ஒலிப்பதிவு பிறகு வெளியே வந்தது. 12:21க்கு உள்ளே மேலும் நான்கு குண்டுகள் வெடித்தன. கதவைத் திறந்தது அதற்கும் அரை மணி நேரம் கழித்து. 12:10க்குப் பிறகான அந்த 40 நிமிடத்துக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இடமில்லை. நீதித்துறை ஆய்வும் பதுங்கியவன் கணக்கில் வைத்ததைத்தான் ஆகப் பெரிய தவறு என்றது.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கட்டடத்துக்குள் அவன் சுட்ட சுமார் 142 குண்டுகளில் குறைந்தது 100, எந்தக் காவலரும் உள்ளே காலெடுத்து வைக்கும் முன்பே சுடப்பட்டுவிட்டன. உடனே போயிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வெளியே தூக்கி வந்தபோது நாடித்துடிப்பு இருந்து, பிறகு இறந்தவர்கள் மூன்று பேர். பொறுப்பு பற்றிய கேள்வி முழுக்க அந்த மூன்று பேரைச் சுற்றித்தான் நிற்கிறது. மீட்ட பிறகும் குழப்பம்தான்: குண்டடிபட்ட குழந்தைகள் சிலரை முதலுதவிகூட இல்லாமல் பள்ளிப் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள், இறந்தவர்கள் ஆம்புலன்ஸில் போனார்கள்.

யார் தலைமை? அன்று அங்கே வந்து சேர்ந்தவர்கள் 376 பேர். எல்லைக் காவல் 149, மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை (மாநிலப் போலீஸ்) 91, நகரப் போலீஸ் 25, கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) ஷெரிஃப் அலுவலகம் 16, பள்ளி மாவட்டப் போலீஸ் 5. மிச்சம் பக்கத்து ஊர்களும் மற்ற மத்தியத் துறைகளும். பள்ளி மாவட்டத்தின் எழுத்துபூர்வத் திட்டப்படி தலைமை அந்த ஐந்து பேர் படையின் தலைவர் பீட் அரெடொண்டோவுக்கு. திட்டத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். வயர்லெஸ் கருவிகளை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். தன்னைத் தலைவராகக் கருதவில்லை என்று பின்னர் சொன்னார். வெளியே கட்டளை மையம் என்று ஒன்று அமைக்கப்படவே இல்லை. அவரைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்று வாதாடுகிறவர்களும் உண்டு, அதில் பாதி உண்மை: மீதி 371 பேரில் அவரைவிடப் பெரிய பதவிக்காரர்களும் நின்றார்கள், ஒருவராவது "இங்கே யார் பொறுப்பு?" என்று கேட்டு, பதில் வராதபோது பொறுப்பைக் கையில் எடுத்திருக்க வேண்டும். ஊர்கூடித் தேர் இழுக்கலாம். வடம் பிடிக்க ஒருவர் முதலில் கை வைக்க வேண்டுமல்லவா?

அடுத்து, பொய்கள். மறுநாளே டெக்சாஸ் ஆளுநர் கிரெக் ஆபட் போலீசின் துணிச்சலைப் புகழ்ந்தார். பள்ளிக் காவலர் ஒருவர் வாசலிலேயே கொலையாளியை எதிர்கொண்டார் என்றார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஓர் ஆசிரியை பின்கதவைத் திறந்துவைத்ததால்தான் அவன் நுழைந்தான் என்றார்கள். அவர் கதவைச் சாத்தியிருந்தார், பூட்டு விழவில்லை என்பது வீடியோவில் தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது: முதல் சில நாட்களில் சொல்லப்பட்ட தவறுகள் எல்லாம் ஒரே திசையில், போலீசுக்குச் சாதகமாகவே சாய்ந்திருந்தன. குழப்பத்தில் வரும் தவறு இரண்டு பக்கமும் சாயும்.

பதிவுகளை வெளியே கொண்டுவருவது தனிப் போராட்டம். டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் 552.108ஆம் பிரிவில் ஓர் ஓட்டை இருக்கிறது. தண்டனையில் முடியாத வழக்கின் விசாரணை ஆவணங்களை அதிகாரிகள் தராமல் இருக்கலாம். குற்றவாளி சம்பவ இடத்திலேயே செத்துவிட்டால் தண்டனை என்பதற்கே இடமில்லை, ஆகவே கோப்பு என்றைக்கும் மூடியே இருக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவரின் மானத்தைக் காக்கப் போட்ட விதி, போலீசுக்குத் திரையாகிவிட்டது. விசாரணை நடக்கிறது என்பது இன்னொரு திரை. அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் மாவட்ட வழக்கறிஞர் கிறிஸ்டினா மிட்செல் அதைச் சொல்லித்தான் பதிவுகளை வெளியிட வேண்டாம் என்றார்.

வராந்தா சிசிடிவிப் பதிவை 2022 ஜூலை 12 அன்று ஆஸ்டின் அமெரிக்கன்-ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் வெளியிட்டது. குழந்தைகளின் அலறலை அதில் நீக்கிவிட்டார்கள். அந்தக் காட்சியில் ஒரு விஷயம் பலருக்கும் கண்ணிலேயே நிற்கும்: கவச உடையும் தலைக்கவசமும் போட்ட ஒருவர் நடந்து வந்து, சுவரில் மாட்டிய பெட்டியை அழுத்திக் கைகளில் சானிடைசர் தேய்த்துக்கொள்கிறார். அவரைத் தனியாகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அது பழக்கம். ஆனால் அந்த வராந்தாவில் அவசரம் என்பதே இல்லை என்று ஆயிரம் பக்க அறிக்கையால் சொல்ல முடியாததை அந்தக் கை சொல்லிவிட்டது. நகராட்சி தன் பதிவுகளை 2024 ஆகஸ்டில்தான் கொடுத்தது. பள்ளி மாவட்டமும் கவுண்டியும் 2025 ஆகஸ்ட் வரை இழுத்தன. எல்லாம் ஊடகங்கள் வழக்குப் போட்ட பிறகு.

விசாரணை அறிக்கைகளைப் படிக்கும்போது யார் எழுதினார்கள், யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். 2022 ஜூலை 17 அன்று வந்த சட்டமன்றக் குழு அறிக்கை 77 பக்கம்தான், ஆனால் கூர்மையானது. நகராட்சி தானே பணம் கொடுத்து எழுதவைத்த அறிக்கை 2024 மார்ச் 7 அன்று வந்தது. உள்ளூர்க் காவலர்கள் யாரும் தவறு செய்யவில்லை என்றது. எழுதியவர் அதை முன்வைத்த நகர மன்றக் கூட்டத்தின் நடுவே எழுந்து போக, குடும்பத்தினர் கூச்சல் போட்டு அவரைத் திரும்ப உட்காரவைத்தார்கள். சில நாளில் நகரக் காவல் தலைவர் ராஜினாமா செய்தார்.

நீதிமன்றம் வேறு உலகம். அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட ஆளைக் காப்பாற்றும் அரசியலமைப்புக் கடமை போலீசுக்குப் பொதுவாக இல்லை. 1989இல் டிஷேனி வழக்கிலும் 2005இல் காஸில் ராக் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சிவில் வழக்கு போட்டாலும் அதிகாரிகளுக்கான சட்டப் பாதுகாப்பு குறுக்கே நிற்கும். அதனால்தான் யுவால்டி நகராட்சியோடு 2024 மே மாதம் முடிந்த சமரசத்தில் காப்பீட்டிலிருந்து 20 லட்சம் டாலர் மட்டுமே. குடும்பங்கள் அதோடு பயிற்சியையும் தகுதித் தரத்தையும் உயர்த்தும் நிபந்தனைகளைச் சேர்த்து வாங்கினார்கள். தொகையைவிட அதுதான் கனமானது என்பது என் எண்ணம்.

குற்ற வழக்கு என்று போனால், குழந்தைகளைக் கைவிட்டது, ஆபத்தில் விட்டது என்கிற பிரிவுதான் கைக்கு அகப்படும். அந்தச் சட்டம் பெற்றோரையும் காப்பாளரையும் மனத்தில் வைத்து எழுதியது. போலீஸ்காரருக்குப் போட்டால் தொளதொளவென்று நிற்கும். 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டபோது வெளியே 40 நிமிடத்துக்கு மேல் நின்ற பள்ளிக் காவலர் ஸ்காட் பீட்டர்சன் 2023 ஜூன் 29 அன்று விடுதலையானார். அங்கே ஷெரிஃப் அலுவலகத்தின் கொள்கையில் அதிகாரி உள்ளே 'நுழையலாம்' என்றுதான் இருந்தது. 'நுழைய வேண்டும்' என்று இல்லை. விசாரணை ஆணையம் அந்த 'லாம்' விகுதியைக் குறிவைத்துக் கண்டித்தது. உங்கள் ஊர்ப் பள்ளியின் அவசரகாலத் திட்டம் கையில் கிடைத்தால் வினைமுற்றுகளைப் படியுங்கள்.

யுவால்டியில் 376 பேரில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரண்டே பேர், இருவரும் அந்த ஐந்து பேர் படையைச் சேர்ந்தவர்கள். ஏட்ரியன் கொன்சாலஸ் மீது 29 குற்றச்சாட்டுகள்: இறந்த 19 குழந்தைகளுக்கு 19, பிழைத்தவர்களுக்கு 10. வழக்கு கார்ப்பஸ் கிறிஸ்டிக்கு மாற்றப்பட்டு, 2026 ஜனவரி 21 அன்று ஜூரி எல்லாவற்றிலிருந்தும் அவரை விடுவித்தது. அதே நிமிடத்தில் அதே இடத்துக்கு வந்த மற்றவர்கள் சாட்சிகளாக நிற்க, இவர் மட்டும் ஏன் கூண்டில் என்கிற எதிர்த்தரப்புக் கேள்விக்கு அரசுத் தரப்பால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

அரெடொண்டோ மீது 10 குற்றச்சாட்டுகள். அந்த வழக்கு விசாரணைக்கு வராமல் இழுபட்டதற்குக் காரணம், கதவைக் கடைசியில் திறந்த எல்லைக் காவல் படையினரிடம் மாவட்ட வழக்கறிஞர் மிட்செலால் வாக்குமூலம் வாங்க முடியாமல் போனது. மத்திய அரசுத் துறை ஆட்களை அனுப்ப மறுத்தது. அதை எதிர்த்து மிட்செல் மத்திய நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அன்று அந்தப் பள்ளிக்கு வந்தவர்களிலேயே பெரிய கூட்டம் அவர்கள்தான், 149 பேர்.