மூடி ஆடுது டீச்சர்

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். யாராவது கேட்காமல் பென்சிலை எடுத்தால் போதும், பையைத் தூக்கி எறிந்துவிடுவான். "ஏன்டா இவ்வளவு கோபம்?" என்று பல நாள் கேட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அவனுக்கே அது தெரியாது என்று எனக்குப் புரிய ஒரு பருவம் ஆனது.

மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1969-இல் ஓர் அளவுகோல் தந்தார். பதற்றம் 0 முதல் 100 வரை எவ்வளவு என்று அதை அனுபவிப்பவரே சொல்ல வேண்டும். குழந்தைகளுக்காக அதை 10 ஆகச் சுருக்கிக் கேட்டுப் பார்த்தேன். ரப்பர் தொலைந்தாலும் 10, அம்மா ஊருக்குப் போயிருந்தாலும் 10. எட்டு வயதுக்கு எண் ஒட்டவில்லை.

சத்துணவுக் கூடத்தில் உலை கொதிப்பதை அவர்கள் தினமும் எட்டிப் பார்ப்பார்கள். சரி, அதையே வரைவோம் என்று கரும்பலகை ஓரத்தில் நான்கு பானைகள் வரைந்தேன். வெதுவெதுப்பு, ஆவி, மூடி ஆடுவது, பொங்கி வழிவது. காலையில் உள்ளே வரும்போது தன் பானையைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். மூடி ஆடும்போது உடம்பு என்ன செய்யும் என்று கேட்டேன். "காது சுடும்." "பல்லைக் கடிப்பேன்." "தொண்டையில என்னமோ அடைக்கும்." சுற்றுலாவுக்கு முதல் நாள் சந்தோஷத்திலும் மூடி ஆடும் என்றாள் ஒருத்தி. எனக்கு அது தோன்றியே இருக்கவில்லை.

பொங்கிய பிறகு புத்திமதி எதுவும் காதில் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். மூடி ஆடும்போதே அடுப்பைத் தணிக்க வேண்டும். தண்ணீர் குடிப்பது, சுவரை இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளுவது, வேப்பமரம் வரை நடந்து வருவது என்று அவரவரே ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் கணக்குப் பாடத்தின் நடுவே அந்தப் பையன் எழுந்தான். "மூடி ஆடுது டீச்சர்." குரல் நடுங்கியது. வேப்பமரம் வரை போய் வந்தான். பை வைத்த இடத்திலேயே இருந்தது. இன்னும் சில நாள் பை பறக்கத்தான் செய்கிறது.

இப்போது என் கவலையெல்லாம் கடைசி வரிசைப் பெண்ணைப் பற்றித்தான். சத்தமே போடமாட்டாள். தங்கமான பிள்ளை என்று நாங்கள் எல்லாரும் சொல்வோம். போன வாரம் ஒரு காலையில் நான்காவது பானையில் விரலை வைத்துவிட்டு, எப்போதும்போல அமைதியாகப் போய் உட்கார்ந்தாள். புத்தகத்தை மூடிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.