கைக்கயிறும் கழிப்பறைச் சுவரும்

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். ஒழுங்கு என்ற பேச்சு எழுந்தவுடன், முன்புபோல அடித்துத் திருத்த வேண்டும் என்று சிலர் கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. அதைவிட, அடி வாங்கிய பிள்ளை தன் கோபத்தைத் தன்னைவிட எளிய பிள்ளையின் மீது இறக்குவதை நாமே பார்த்திருக்கிறோம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தங்கள் வீட்டிலேயே சாதி வெறியால் சக மாணவர்களால் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டக் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது எளிது. அதைக் கட்டி அனுப்பும் வீட்டோடும் தெருவோடும் பேசும் பொறுப்பை ஆசிரியர்களின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல.

2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். எங்கள் பள்ளிக் கழிப்பறைச் சுவரிலும் விரிசல் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதைச் சரிசெய்வதற்கான தீர்மானத்தை முன்வைக்கிறேன். பெற்றோர் அனைவரும் தவறாமல் வர வேண்டும்.