கணுவுக்கு அரக்கு: அப்பா ரூம் நாட்குறிப்பு

மார்ச் 2, 2024, சனி

ஏப்ரல் முதல் வாரம் அப்பா வராங்க, ஆறு மாசம் எங்களோட இருப்பாங்க. அவங்களுக்குன்னு இருக்கறது அந்த பின்பக்க சின்ன ரூம் மட்டும்தான், 9க்கு 10 அடி, வடக்கு பாத்த ஒரே ஜன்னல், நாலு சுவரும் தரைல இருந்து சீலிங் வரைக்கும் பைன் பலகை. பலகை முழுக்க கண்ணு கண்ணா கணு. இங்க ஒஹாயோல, கொலம்பஸ் பக்கத்துல, எங்க வீடு 1958ல கட்டினது, அந்த காலத்துல நிறைய வீட்டுல ஒரு ரூமாவது இப்படி நாட்டி பைன், அதாவது கணு உள்ள பைன் பலகை, அடிக்கறது வழக்கம். இப்ப அது ஆரஞ்சும் பிரவுனும் கலந்து பழைய எண்ணெய் நிறத்துல நிக்குது. மதியம் 12 மணிக்கும் லைட் போடாம உள்ள பேப்பர் படிக்க முடியல. அப்பாவுக்கு வயசு 74, காலைல பேப்பர் படிக்காம அவங்களுக்கு நாள் தொடங்காது, அதனால இந்த மாசத்துக்குள்ள அந்த ரூமை எப்படியாவது வெளிச்சமாக்கணும்.

காலைல 9 மணிக்கு வீடியோ கால், நாகர்கோவில்ல அப்ப ராத்திரி ஏழரை. அப்பா நாப்பது வருஷம் தச்சு வேலை பாத்தவங்க, தேக்கு, அயனி, பலான்னு மரத்தை தொட்டே சொல்லிடுவாங்க. பெயின்ட் அடிக்கப் போறேன்னு சொன்னதும் முகம் மாறிடுச்சு. "நல்ல பலகையில என்னத்துக்கு மக்ளே பெயின்டு? மரம்னா மரமா இருக்கணும்" அப்படின்னாங்க. எனக்கு பதில் சொல்ல வரல, சரிப்பா பாக்கலாம்னு வச்சுட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

எதுவும் செய்யறதுக்கு முன்னாடி சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னு ஸ்விட்ச் பிளேட்டை கழட்டினேன், பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டுத்தான். பிளேட் மூடியிருந்த இடத்துல பலகை வேற நிறம்! ஸ்குரூ ஓட்டையை சுத்தி ஒரு விரல் அகலத்துக்கு வெண்ணெய் நிறம், அதுல மெல்லிசா ரோஸ் கலந்த ரேகை, கோடு கிழிச்ச மாதிரி அதுக்கு வெளில ஆரஞ்சு. அப்ப 1958ல இந்த ரூம் இருட்டு ரூமே இல்ல, பளிச்சுன்னு இருந்திருக்கு. வெளிச்சம் பட்டு பட்டு பைன் கறுத்ததும், மேல பூசின எண்ணெய் வார்னிஷ் வருஷா வருஷம் மஞ்சளானதும் சேந்து அறுபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஆயிருக்கு. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழிச்சு "பாவம் மரம்"னு மட்டும் பதில் வந்துச்சு.

இன்னொன்னும் தெரிஞ்சுது. பலகைக்குப் பின்னாடி வேற சுவரே கிடையாது, நேரா ஸ்டட், அதாவது சுவரைத் தாங்கற மரச்சட்டம், மேல ஆணி அடிச்சிருக்காங்க. பிச்சு எறியலாம்னு நினைச்சா புதுசா டிரைவால்னு சொல்ற ஜிப்சம் பலகை அடிக்கணும், வெளிப்பக்க சுவருல இன்சுலேஷன் என்ன நிலைல இருக்குன்னு பாக்கணும், ஸ்விட்ச் பாக்ஸ் எல்லாத்தையும் புது சுவர் கனத்துக்கு மாத்தணும். சின்ன ரூம்னாலும் செலவு சின்னதா இருக்காது. பிச்சு எடுக்கற யோசனையை இன்னைக்கோட விட்டாச்சு.

ஜன்னல் சட்டத்துல மட்டும் வெள்ளை பெயின்ட் இருக்கு. 1978க்கு முந்தின வீடுன்னா பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அந்த வருஷம்தான் வீட்டு பெயின்ட்ல ஈயத்துக்கு இங்க தடை வந்துச்சு. டெஸ்ட் கிட் வாங்கி தேச்சு பாத்தேன், நிறம் மாறல. ஆனாலும் சட்டத்துல உப்புத்தாள் போடறதா இல்ல.

மார்ச் 9, சனி

முழு நாளும் கழுவறதுலயே போச்சு. டி.எஸ்.பி. சப்ஸ்டிட்யூட்னு ஒரு அழுக்கெடுக்கற சாமான் கலந்த தண்ணில துணியை நனைச்சு துடைச்சா டீ டிகாஷன் மாதிரி வருது, எத்தனை வருஷ ஃபர்னிச்சர் பாலிஷ், எத்தனை வருஷ அழுக்கு. அப்புறம் 150 நம்பர் உப்புத்தாள், ரேகை போற திசைலயே, பளபளப்பு போற அளவுக்கு மட்டும். சாயந்திரம் ஒரு சுவருக்கு, கதவுக்கு எதிர்ல இருக்கறதுக்கு, பெயின்டுக்கு அடில பூசற தண்ணி பிரைமர் அடிச்சேன். கடைல எல்லா மரத்துக்கும் இது போதும்னு சொன்னாங்க.

மார்ச் 10, ஞாயிறு

இங்க கோடை நேரம் தொடங்கிடுச்சு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளியாச்சு, சாயந்திரம் ஏழரை வரைக்கும் வெளிச்சம். அந்த சுவருக்கு முதல் கோட் வெள்ளை அடிச்சுட்டு வாசல்ல நின்னு பாத்தப்ப ரூம் ஒரு அடி தள்ளிப் போன மாதிரி இருந்துச்சு. சந்தோஷமா தூங்கினேன்.

மார்ச் 14, வியாழன்

கறை வந்துடுச்சு. ஒவ்வொரு கணுவுக்கும் மேல ஒரு மஞ்சள் வட்டம், வெள்ளை வேட்டில டீ சிந்தி காஞ்சா ஓரம் மட்டும் அடர்த்தியா நிக்குமே, அச்சு அசல் அப்படி. எண்ணினேன், அந்த ஒரு சுவருல மட்டும் 61. வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தவ அப்படியே தரைல உக்காந்துட்டேன், அழுகையே வந்துடுச்சு.

அப்பாவை கூப்பிட்டேன். கொஞ்சமும் ஆச்சரியப்படல. "கணுவுல பிசின் நிக்கும் மக்ளே, அது தண்ணில அடங்காது. அரக்கு அடிச்சியா?"ன்னு கேட்டாங்க. அரக்கா? நம்ம பட்டறைல ஸ்பிரிட்டுல அரக்கு ஊற வச்சு, துணிப் பந்துல தொட்டு ஒத்தி ஒத்தி பாலிஷ் போடுவாங்களே, அதே அரக்கு. தேடிப் பாத்தா இங்க கணுவுக்குன்னு எல்லாரும் சொல்றது ஷெல்லாக் பிரைமர், அதுவும் வேற ஒண்ணும் இல்ல, அரக்குதான்! புரசு, இலந்தை மாதிரி மரங்கள்ல அரக்குப் பூச்சி விடற பிசின், நம்ம நாட்டுல ஜார்கண்ட் பக்கம் அதிகமா எடுக்கறாங்க. அப்பா கைல நான் சின்ன வயசுல இருந்து பாத்த ஒரு சாமானை இங்க டப்பால கேலன் கணக்குல விக்கறாங்கன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது.

மார்ச் 16, சனி

ஜின்ஸர் பி.ஐ.என்.ங்கற ஷெல்லாக் பிரைமர் ஒரு கேலன் வாங்கினேன். சுவர் எல்லாம் சேத்து ஜன்னல் கதவு போக 250 சதுர அடி வரும், ஒரு கோட்டுக்கு ஒரு கேலன் தாராளமா போதும். ஸ்பிரிட் வாடை மூக்கைப் பிளக்கும், ஆவி சட்டுனு தீப்பிடிக்கும், அதனால ஜன்னலை முழுசா திறந்து ஃபேனை வெளிப்பக்கம் பாத்து வச்சு, கேஸ் ஹீட்டரையும் வாட்டர் ஹீட்டரையும் நிறுத்திட்டு, அந்த ஆவியை வடிகட்டற ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுட்டுதான் டப்பாவையே திறந்தேன். இதை மட்டும் யாரும் அசட்டையா விட்டுடாதீங்க. குளிர்ல கை விறைச்சுது. 20 நிமிஷத்துல காஞ்சுடுது, முக்கா மணி நேரத்துல கணுவுக்கு மட்டும் ரெண்டாவது கை. ஜன்னல் இருக்கற சுவர் மட்டும் இன்னும் பாக்கி.

மாஸ்க்கை கழட்டினதும் லேசா அந்த வாசனை. அப்பா சட்டை வாசனை.

மார்ச் 17, ஞாயிறு

பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்கற இடுக்கை காக்னு சொல்ற அடைப்புப் பசை வச்சு அடைச்சுடலாமான்னு கேட்டேன், அப்பா கூடவே கூடாதுன்னாங்க. ஒரு பலகையோட விளிம்பு அடுத்ததோட பள்ளத்துல சும்மா செருகி நிக்குது, மழை காலத்துல பலகை விரியும், காஞ்ச காலத்துல சுருங்கும், நடுவுல அடைச்சா பிதுங்கி வரும், இல்லன்னா விண்டு போகும். இப்ப ஹீட்டர் ஓடி ஓடி காத்து காஞ்சு கிடக்கறதால இடுக்கு நல்லா அகலமா இருக்கு, பெயின்ட் அடிக்க இதுதான் சரியான நேரம், இடுக்குக்குள்ள முதல்ல சின்ன பிரஷ் விட்டுட்டு அப்புறம் ரோலர் போடுன்னாங்க. கோடைல ஈரக்காத்துல அடிச்சிருந்தா அடுத்த குளிருக்கு ஒவ்வொரு இடுக்குலயும் அடிக்காத மரம் பழுப்புக் கோடா தெரிஞ்சிருக்கும். ஒஹாயோ குளிரையே பாக்காத மனுஷன், மரத்தை வச்சே இதெல்லாம் சொல்றாங்க.

மார்ச் 20, புதன்

ஒரு வாரமா மனசுல ஓடிட்டு இருந்த ஒண்ணு. எங்க பழைய வீட்டுலயும் மரம்தான், மச்சு முழுக்க கறுத்த பலகை, ஆனா நடுவுல முற்றம் திறந்து கிடக்கும், மேல இருந்து வெளிச்சம் கொட்டும். மரம் கறுப்பா இருக்கறது குத்தம் இல்ல, வெளிச்சம் வர வழி இல்லாத ரூம்ல நாலு பக்கமும் கறுப்பா நிக்கறதுதான் பாரம். இதை அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு "அப்படின்னா வெளிச்சம் விழாத சுவரை எனக்கு விட்டுடு"ன்னாங்க. ஜன்னல் இருக்கற சுவர்! அதுல எப்படியும் நேரா வெளிச்சம் படாது. மத்த மூணு சுவரும் வெள்ளை, இது மரமாவே இருக்கும்.

மார்ச் 24, ஞாயிறு

மூணு சுவருக்கும் ரெண்டு கோட் முடிஞ்சுது. கலர் கார்டுக்குப் பின்னாடி எல்.ஆர்.வி.ன்னு ஒரு நம்பர் இருக்கும், எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்னு, நூறுக்கு கணக்கு. 83 இருக்கற ஒரு வெள்ளை எடுத்தேன், லேசா மஞ்சள் ஓடினது, மரத்துக்குப் பக்கத்துல சுண்ணாம்பு மாதிரி வெறிக்கக் கூடாதுன்னு. ஜன்னல் சுவரை, டர்பன்டைன் மாதிரி இருக்கற மினரல் ஸ்பிரிட்ல துடைச்சு மெழுகு மட்டும் போட்டேன். எட்டு நாள் ஆச்சு, ஒரு கணு கூட எட்டிப் பாக்கல.

ஏப்ரல் 7, ஞாயிறு

அப்பா நேத்து ராத்திரி வந்தாங்க. காலைல ஏழரைக்கு எட்டிப் பாத்தா கட்டில்ல உக்காந்து, ஃப்ளைட்ல இருந்து மடிச்சு எடுத்துட்டு வந்த பேப்பரைப் படிச்சிட்டு இருக்காங்க, லைட் போடல. நான் நிக்கறது தெரிஞ்சதும் எழுந்து, பெருவிரலை இடுக்குல வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்துப் பாத்தாங்க, ஒவ்வொரு பலகையா, மூணு சுவரும். "கொள்ளாம்"னாங்க, நல்லாருக்குன்னு. அப்புறம் கதவை சாத்தி அதுக்குப் பின்னாடி குனிஞ்சு பாத்து, "இங்க ஒரு கணு விட்டுப் போச்சு கேட்டியா, மஞ்சள் வருது. அரக்கு மிச்சம் இருக்கா? பிரஷை எடு"ன்னு கை நீட்டினாங்க.