அந்தச் செடியை அன்றே பிடுங்கியிருக்க வேண்டும்

போன வருஷம் தைப்பட்டத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஆறு வெள்ளரிக் கொடிகள் பந்தலேறி நின்றன. பங்குனி பிறந்தபோது ஒன்றுகூட இல்லை. திருச்சி வெயில்தான் காரணம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இல்லை. என் தயக்கம்தான் காரணம்.

முதலில் ஒரே ஒரு கொடியின் நுனி இலைகளில்தான் அது தெரிந்தது. பச்சையும் வெளிர் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக, இலை சுருங்கி, குழந்தையின் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிட்டது. சத்துக் குறைவு என்று நினைத்து மண்புழு உரம் வைத்தேன், பஞ்சகவ்யா தெளித்தேன். பத்து நாள் போயிற்று. அதற்குள் பக்கத்துச் செடிப்பைகளிலும் அதே திட்டுகள். காய்த்த பிஞ்சுகள் வெளுத்து, மேலெல்லாம் கொப்புளம் கொப்புளமாக இருந்தன.

அது தேமல் நோய். வைரஸால் வருவது, மருந்தே கிடையாது. அசுவினி என்ற குட்டிப் பூச்சி சாறு உறிஞ்சும்போது ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது. நோய்ச் செடியைக் கிள்ளிய கையோடு நல்ல செடியைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். நான் தினமும் காலையில் வரிசையாக ஆறு கொடியிலும் பக்கக் கிளை கிள்ளிக்கொண்டே போனேன். நானே பரப்பியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. அன்றைக்கெல்லாம் மாடிக்கே போகப் பிடிக்கவில்லை.

இந்த வருஷம் ஐந்து பைகள் மட்டும் வைத்தேன். பதினைந்து அங்குலப் பை, பைக்கு ஒரே செடி. செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமபங்கு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஒரு பையில் இரண்டு செடி வைத்தால் இலையோடு இலை உரசிக் காற்று போகாது.

விதை முளைத்து இரண்டு இலை விட்டதுமே சிவப்பு வண்டு வந்துவிட்டது. பூசணி, சுரை, பீர்க்கன் எதையும் விடாது, இலையைச் சல்லடையாக்கிவிடும். என் மாமியார் அடுப்புச் சாம்பலைச் சலித்து டப்பாவில் வைத்திருந்தார். "ஏம்மா, பனி காயறதுக்கு முந்தி தூவு, அப்பத்தான் இலையில ஒட்டும்" என்றார். "சரிங்கத்தை" என்று ஆறு மணிக்கே போய்த் தூவினேன். அந்த நேரத்தில் வண்டுகளும் மந்தமாக இருக்கும். கையாலேயே பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். வெயில் ஏறிவிட்டால் கை நீட்டுவதற்குள் பறந்துவிடும்.

இப்போது தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். மேலே ஒன்றும் தெரியாது, எல்லாம் அடியில்தான் இருக்கும். தண்டில் எறும்பு வரிசை ஏறினால் மேலே எங்கோ அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். அசுவினி கசியும் இனிப்புக்காகத்தான் எறும்பு போகிறது. அன்று மாலையே ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிப்பேன். வெயிலில் தெளித்தால் இலை கருகும். காலையில் தெளித்தால் தேனீக்கு ஆகாது.

தேனீ வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். "பூ நிறைய வருது, காய் நிக்கலை" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். பெண் பூவின் பின்னால் குட்டிப் பிஞ்சு இருக்கும். அந்தப் பிஞ்சும் மஞ்சளாகி வாடினால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். ஒரு முனை தடித்து ஒரு முனை சூம்பியிருந்தால் அரைகுறையாகச் சேர்ந்திருக்கிறது. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள். எட்டு மணிக்குள் செய்துவிட வேண்டும். பூ மறுநாள் இருக்காது.

தண்ணீர் விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. வெள்ளரி வேர் மேலாகவே ஓடும், மேல்மண் காய்ந்தால் உடனே வாடும். ஒருநாள் காயப்போட்டு மறுநாள் கொட்டினால் காய் கசக்கும். வீட்டில் காம்புப் பக்கம் நறுக்கி நுரை வரத் தேய்ப்போமே, அந்தக் கசப்பு அங்கேயும் தோலுக்கடியிலும்தான் அதிகம். தேய்த்துச் சரிசெய்வதைவிட மண்மேல் காய்ந்த இலையை மூன்று விரல் கனத்துக்குப் போட்டு ஈரம் காப்பது மேல். சித்திரையில் காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்றுகிறேன். வேரில் மட்டும்தான், இலை நனைந்து ராத்திரி முழுக்க ஈரமாக இருந்தால் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் விழுந்தால் அதுதான். அந்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிடுகிறேன்.

முப்பத்தெட்டாவது நாள், மூன்றாவது பையில் அந்தத் திட்டுகளை மறுபடி பார்த்தேன். இரண்டே இலைதான். அந்தக் கொடியில்தான் எல்லாவற்றையும்விட அதிகப் பூ. விரல் நீளத்தில் இரண்டு பிஞ்சு வேறு. கீழே போய் அத்தையிடம் சொன்னேன். அவர் மேலே வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "போன வருஷம் மாதிரி பார்த்துக்கிட்டே இருக்காதம்மா" என்றார். வேரோடு பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்தேன். மட்கு உரத் தொட்டியில் போடவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் மற்ற கொடிகளைத் தொட்டேன். அன்று முழுக்க மனசு கேட்கவில்லை.

மற்ற நாலும் பிழைத்துக்கொண்டன. நேற்று வரை இருபத்துமூன்று காய் பறித்திருக்கிறோம். நாட்டு விதை என்பதால் ஒரு காயைப் பழுக்க விட்டிருக்கிறேன். ஆரம்பத்திலேயே விதைக்கு விட்டால் கொடி அதோடு காய்ப்பைக் குறைத்துவிடும், அதனால் கடைசியாகத்தான் விட்டேன். இப்போது மஞ்சளேறி வருகிறது. பேரப்பிள்ளைகள் பறித்துவிடக்கூடாது என்று அத்தை அதன் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார்.